விளம்பரத்தை விழுங்கும் சின்னப் பொட்டி - ஒரு பூர்வீகக் கதை

செகந்திராபாத்தில் கணினிச் சாமான் வாங்கக் கிளம்பினால் கால் தானாகவே பார்க்லேன் பக்கம் திரும்பிவிடும். அங்கே சினாய் டிரேட் சென்டர் என்று ஒரு கட்டிடம், ஊர்க்காரர்கள் வாயில் வெறும் 'சி.டி.சி.' நம்ம சென்னை ரிச்சி தெருவைச் சுருட்டி ஒரே கட்டிடத்துக்குள் அடைத்த மாதிரி இருக்கும். அந்தப் பக்கத்துக் கடைகளில் ராஸ்பெர்ரி பை என்று கேட்டால் ஏடிஎம் கார்டு அகலத்துக்கு ஒரு பச்சைப் பலகையை எடுத்து நீட்டுவார்கள். அதில் பை-ஹோல் என்ற இலவச மென்பொருளை ஏற்றி, வீட்டு ரௌட்டரோடு கோர்த்துவிட்டால், வீட்டில் இருக்கும் போன், டேப்லெட், டிவி எல்லாவற்றிலும் விளம்பரங்களில் பெரும்பகுதி காணாமல் போய்விடும். ஒவ்வொரு கருவியிலும் தனித்தனியாக எதுவும் நிறுவத் தேவையில்லை.

எப்படி நிறுவுவது என்று சொல்ல ஊருப்பட்ட பேர் இருக்கிறார்கள். எனக்கு இதன் பூர்வீகத்தில்தான் ருசி. ஏனென்றால் இந்தச் சின்னப் பொட்டி செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான்: பொய் சொல்வது. அந்தப் பொய்யை இதற்கு முன் யார் யார் சொன்னார்கள், யாருக்காகச் சொன்னார்கள் என்று பார்த்தால் அதில் நம் ஊர்க் கதைகளும் சில மாட்டுகின்றன.

முதலில் பேரேட்டிலிருந்து ஆரம்பிப்போம். இணையத்துக்கு முன்னோடியான அர்ப்பாநெட்டில் 1970களில் கணினிகள் குறைவு. எந்தப் பெயர் கொண்ட கணினிக்கு எந்த எண் என்பதை ஒரே ஒரு உரைக்கோப்பில் எழுதி வைத்திருந்தார்கள். கோப்பின் பெயர் ஹோஸ்ட்ஸ்.டெக்ஸ்ட். கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்ற ஊரில் இருந்த எஸ்ஆர்ஐ நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்ற அம்மணியின் தலைமையில் ஒரு குழு அதைப் பராமரித்தது. புதிதாக ஒரு கணினி வந்தால் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், அவர்கள் கோப்பில் ஒரு வரி சேர்ப்பார்கள், மற்றவர்கள் அவ்வப்போது அந்தக் கோப்பை இறக்கிக்கொள்வார்கள். கிராமத்துக் கணக்குப்பிள்ளை கையில் ஒரே ஒரு பேரேடு இருக்கும் இல்லையா, அதே கதை. (இணைய வரலாறு என்றாலே தாடிக்கார ஆண்களின் படமாகப் போடுகிறார்கள். ஃபைன்லர் படத்தையும் ஒன்று போட்டால் குறைந்தா போய்விடும்?)

கணினிகள் பெருகப் பெருக ஒரு பேரேடு தாங்கவில்லை. 1983ல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ் என்ற முறையை வடிவமைத்தார். பேரேட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து உலகம் முழுக்கப் பலரிடம் கொடுத்து, ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும்படி வைத்துவிட்டார். இன்றைக்கும் நீங்கள் எந்தத் தளத்தின் பெயரைத் தட்டினாலும், பக்கம் திறப்பதற்கு முன்னால் உங்கள் கருவி யாரிடமாவது போய் "இந்தப் பெயருக்கு எண் என்ன?" என்று கேட்கிறது. வழக்கமாக அந்த 'யாராவது' உங்களுக்கு இணைப்புக் கொடுத்த நிறுவனம்.

ஆனால் பழைய பேரேடும் சாகவில்லை. ஒவ்வொரு கணினிக்குள்ளும் ஹோஸ்ட்ஸ் என்ற பெயரில் ஒரு குட்டிக் கோப்பு ஒளிந்துகொண்டிருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. வெளியே கேட்பதற்கு முன் கணினி அதைத்தான் முதலில் பார்க்கும். அதில் நீங்கள் என்ன எழுதி வைத்தாலும் நம்பிவிடும்! இந்த வெகுளித்தனம்தான் பின்னால் விளம்பரத்துக்கு எமனாக வந்தது.

விளம்பரம் வந்த கதைக்கு வருவோம். 1994 அக்டோபர் 27 அன்று ஹாட்வயர்ட் என்ற இணையப் பத்திரிகை பட்டை விளம்பரங்களோடு வெளிவந்தது. ஏடி&டி நிறுவனத்தின் பட்டை அதில் பிரசித்தம். அப்போது இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையமே கிடையாது. 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான் விஎஸ்என்எல் கடையைத் திறந்தது. அதில் மாணவர்களுக்கென்று ஒரு மலிவுக் கணக்கு இருந்தது, வெறும் எழுத்து மட்டும் தெரியும், படம் வராது. மோடம் கத்தி முடித்ததும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. ஆக, இந்தியாவின் முதல் விளம்பரத் தடுப்பானை நமக்குத் தந்த பெருமை விஎஸ்என்எல்லையே சேரும் :-)

1990களின் நடுவில் டபுள்கிளிக் போன்ற நிறுவனங்கள் வந்தன. இங்கேதான் கதையின் முடிச்சு. பத்திரிகை ஒரு வழங்கியில் இருக்கும், விளம்பரமோ டபுள்கிளிக்கின் வழங்கியிலிருந்து வரும். அதாவது நீங்கள் பத்திரிகைக்காரர் வீட்டுக்குப் போனால், அவர் உங்களுக்குத் தெரியாமல் பக்கத்துத் தெருக்காரரையும் கூப்பிட்டு உட்கார வைப்பார். ஒரே தெருக்காரர் ஆயிரம் வீட்டிலும் உட்கார்ந்திருப்பதால், நீங்கள் எந்தெந்த வீட்டுக்குப் போகிறீர்கள் என்பது அவருக்கு அத்துப்படி. விளம்பரத் தொழிலின் பலம் இதுதான். பலவீனமும் இதேதான். அந்தத் தெருக்காரரின் பெயர் மட்டும் தெரிந்தால் போதும், எல்லா வீட்டிலும் ஒரே சமயத்தில் ஆளைக் காணாமல் அடித்துவிடலாம்.

ஹோஸ்ட்ஸ் கோப்பில் விளம்பர வழங்கிகளின் பெயரை எழுதி, எதிரே 127.0.0.1 என்று போட்டால் முடிந்தது. அந்த எண்ணுக்கு அர்த்தம் 'நானே'. கணினி விளம்பரத்தைத் தேடித் தன் வீட்டுக்கதவையே தட்டும், யாரும் இருக்கமாட்டார்கள், திரும்பிவிடும். இப்படிப் பட்டியல் தொகுத்துப் பகிர்வது ஒரு பொழுதுபோக்காகவே வளர்ந்தது. டான் பொல்லக் என்பவரின் பட்டியல், எம்விபிஎஸ் பட்டியல், பிற்பாடு பல பட்டியல்களை ஒன்றாகச் சேர்த்துத் தரும் ஸ்டீவன் பிளாக்கின் பட்டியல் என்று ஒரு பரம்பரையே உண்டு.

இன்னொரு கிளை உலாவிக்குள் வளர்ந்தது. 2002ல் ஹென்ரிக் ஆஸ்டெட் சோரென்சன் என்ற டென்மார்க் மாணவர், படிக்க வேண்டிய நேரத்தில் படிக்காமல் எழுதிய நீட்சிதான் ஆட்பிளாக். 2006ல் விளாடிமிர் பாலன்ட் அதைப் புதிதாக எழுதி ஆட்பிளாக் பிளஸ் ஆக்கினார். அதற்குத் தீனி போட்ட ஈஸிலிஸ்ட் என்ற பட்டியலைத் தொகுத்த ரிக் பெட்னெல் 2009ல் இறந்துபோனார். பட்டியலை மற்றவர்கள் எடுத்து நடத்துகிறார்கள், இன்றைக்கும் உலகத்தில் பாதித் தடுப்பான்கள் அதைத்தான் நம்பியிருக்கின்றன. தமிழ், தெலுங்கு, இந்தித் தளங்களின் விளம்பரங்களுக்கென்றே 'இந்தியன்லிஸ்ட்' என்று ஒரு தனிப்பட்டியலும் உண்டு. சம்பளமில்லாமல் யாரோ உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சேர்க்கிறார்கள்.

2005ல் பிஎஸ்என்எல்லின் டேட்டாஒன் வந்தபோது விளம்பரத்துக்கு எதிரான கோபம் நம் ஊரில் பணக்கணக்காகவே இருந்தது. 256 கேபிபிஎஸ் வேகம், மாதத்துக்கு இவ்வளவுதான் என்ற அளவு, மீறினால் எம்பிக்கு இவ்வளவு காசு. ராத்திரி 2 மணி முதல் காலை 8 மணி வரை இலவசம் என்பதால் அலாரம் வைத்து எழுந்து பாட்டு இறக்கிய தலைமுறை நாம். ஆடுகிற ஃபிளாஷ் விளம்பரம் ஒவ்வொன்றும் நம் மீட்டரில் ஓடியது. அமெரிக்காக்காரன் எரிச்சலில் தடுத்தான், நாம் பில்லைப் பார்த்துத் தடுத்தோம்.

இப்போது பொய்யின் இன்னொரு கிளை. பேரேட்டை வைத்திருப்பவர் வீட்டுக்காரராக இருந்தால் ஒரு கதை, அதிகாரத்தில் இருப்பவராக இருந்தால் வேறு கதை.

2003 செப்டம்பர் 15 அன்று வெரிசைன் நிறுவனம் ஒரு காரியம் செய்தது. டாட் காம், டாட் நெட் இரண்டின் மூலப் பேரேடும் அவர்கள் கையில்தான். இல்லாத பெயரை யாராவது கேட்டால் "இல்லை" என்று சொல்ல வேண்டியது மரபு. அவர்கள் "இருக்கிறது, இதோ" என்று தங்கள் சொந்தத் தேடல் பக்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள். உலகத்தின் எழுத்துப்பிழைகளையெல்லாம் ஒரே ராத்திரியில் கொல்லைப்புறத்துக்குத் திருப்பி, அதில் காசு பார்க்கும் யோசனை! எதிர்ப்புக் கிளம்பி, ஐகான் அமைப்பு கண்டித்த பிறகு அக்டோபர் 4ல் நிறுத்தினார்கள். மூன்று வாரம்கூட நீடிக்கவில்லை. ஆனால் யோசனை சாகவில்லை. பிற்பாடு பல நாடுகளில் இணைப்புக் கொடுக்கும் நிறுவனங்களே இதைச் செய்தன.

அதே 2003 செப்டம்பரில் இந்தியாவில் வேறொன்று நடந்தது. மேகாலயாவைச் சேர்ந்த ஒரு தடைசெய்யப்பட்ட அமைப்பின் 'கின்ஹுன்' என்ற யாஹூ குழுமத்தைத் தடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. உறுப்பினர் சில பேர்தான். ஒரு குழுமத்தை மட்டும் தடுக்கும் வித்தை நம் நிறுவனங்களுக்குத் தெரியவில்லை. யாஹூ குழுமங்கள் மொத்தத்தையும் மூடிவிட்டார்கள். தமிழ் மடற்குழுக்கள் பல அப்போது அங்கேதான் குடியிருந்தன.

2006 ஜூலையில் இது பெரிய அளவில் திரும்ப நடந்தது. மும்பை ரயில் குண்டுவெடிப்புக்குப் பிந்தைய நாட்கள். தொலைத்தொடர்புத் துறை சுமார் பதினேழு பக்கங்களைத் தடுக்கச் சொன்னது. அதில் சில பிளாக்ஸ்பாட் முகவரிகள். நிறுவனங்கள் பிளாக்ஸ்பாட்டையே ஒட்டுமொத்தமாகச் சாத்தின. தமிழ்மணம் 2004லிருந்து திரட்டிக்கொண்டிருந்த பதிவுகளில் ஏகப்பட்டவை பிளாக்ஸ்பாட்டில்தான். சிங்கப்பூரிலும் கனடாவிலும் இருந்தவர்கள் படிக்கிறார்கள், மதுரையில் எழுதியவருக்குத் தன் பதிவே தெரியவில்லை! அப்போது கைகொடுத்தது பாகிஸ்தான். அந்த வருட ஆரம்பத்தில் அங்கே பிளாக்ஸ்பாட் தடைபட்டபோது அவர்களுக்காக உருவான 'பிகேபிளாக்ஸ்' என்ற மாற்றுவழியில் நம்மவர்கள் சத்தமில்லாமல் நுழைந்தார்கள். ஒரு வாரத்துக்குள் தடை விலகியது. இரண்டு நாட்டுக்காரர்களும் ஒரே ஓட்டை வழியாக எட்டிப் பார்த்த அந்த வாரத்தை எந்தச் சரித்திரப் புத்தகமும் எழுதப்போவதில்லை.

2012ல் நம் சினிமாவும் சேர்ந்துகொண்டது. தமிழில் '3', தெலுங்கில் 'தம்மு'. திருட்டுப் பிரதி பரவாமலிருக்கச் சென்னை உயர்நீதிமன்றத்தில் வாங்கிய உத்தரவைக் காட்டி, மே மாதம் சில நிறுவனங்கள் விமியோ, பேஸ்ட்பின் போன்ற தளங்களை முழுசாகவே மூடின. படத்துக்குச் சம்பந்தமே இல்லாத லட்சக்கணக்கான பக்கங்களும் சேர்ந்து போயின. குறிப்பிட்ட முகவரிகளை மட்டும்தான் தடுக்க வேண்டும், தளத்தையே அல்ல என்று ஜூனில் நீதிமன்றம் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. சென்னையும் ஹைதராபாத்தும் ஒற்றுமையாகச் செய்த காரியங்களில் இதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

2015 ஜூனில் பெங்களூரு நிரலாளர் தேஜேஷ் ஜிஎன் தன் தளத்தின் பக்கத்தைத் தானே ஏர்டெல் 3ஜியில் திறந்தபோது, தான் எழுதாத நிரல் வரிகள் சில அதில் ஒட்டியிருந்ததைக் கண்டுபிடித்தார். ஆதாரத்தை வெளியிட்டார். உடனே அந்த நிரலை எழுதிய இஸ்ரேல் நிறுவனமான ஃபிளாஷ் நெட்வொர்க்ஸ் சார்பில் அவருக்குத்தான் வக்கீல் நோட்டீஸ் வந்தது! வீட்டுக்குள் புகுந்தவன், தன்னைப் படம் பிடித்ததற்காக வீட்டுக்காரர் மேல் வழக்குப் போடுவது போல. வாடிக்கையாளர் எவ்வளவு டேட்டா செலவழிக்கிறார் என்று கணிக்கத்தான் அது என்பது ஏர்டெல்லின் விளக்கம். பிறகு தளங்கள் வேகமாக மறையாக்கத்துக்கு, அதாவது பூட்டுக்குறி போட்ட எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறியதில் இந்த மாதிரி நடுவழிச் செருகல்களுக்கு இடம் பெரிதும் குறைந்துபோனது.

இந்தப் பின்னணியில்தான் நம் சின்னப் பொட்டியைப் பார்க்க வேண்டும். 2012 பிப்ரவரி 29 அன்று இங்கிலாந்தில் எபன் அப்டனும் கூட்டாளிகளும் 35 டாலருக்கு ராஸ்பெர்ரி பையை வெளியிட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் நிரல் எழுதப் பழக வேண்டும் என்பது நோக்கம். கொஞ்ச நாளில் ஆட்டிராப் என்று ஒரு தனிக்கருவி கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டி வந்தது: ரௌட்டரோடு மாட்டினால் வீடு முழுக்க விளம்பரத்தைத் தடுக்கும். இதைக் காசு கொடுத்து வாங்குவானேன் என்று அமெரிக்காவில் ஜேக்கப் சல்மெலா 2014 வாக்கில் ராஸ்பெர்ரி பையில் அதே வேலையைச் செய்து காட்டி, நிரலைப் பொதுவில் வைத்தார். பெயர் பை-ஹோல். எல்லாவற்றையும் விழுங்கும் கருந்துளை என்று ஒரு அர்த்தம், வாயை மூடு என்ற ஆங்கிலக் கொச்சையும் உள்ளே உண்டு. ஆதாரமாக அவர் எடுத்துக்கொண்டது சைமன் கெல்லி எழுதிய டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறிய, பழைய மென்பொருள்.

வேலை செய்யும் விதம் எளிது. அடுக்குமாடி வாசலில் இருக்கும் வாட்ச்மேனை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருக்கும் எந்தக் கருவியும் வெளியே யாரைத் தேடினாலும் முகவரியை அவரிடம்தான் கேட்க வேண்டும். அவர் கையில் லட்சக்கணக்கான பெயர்கள் கொண்ட ஒரு பட்டியல். அதில் இல்லாத பெயரென்றால் வெளியே விசாரித்துச் சரியான முகவரியைச் சொல்வார். பட்டியலில் இருந்தால் 0.0.0.0 என்று கையை விரித்துவிடுவார். விளம்பரம் இறங்கி வந்த பிறகு மறைப்பதில்லை, புறப்படுவதே இல்லை. ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரே கணினிக்குச் சொன்ன பொய்யை வீட்டுக்கே பொதுவாக்கியதுதான் சல்மெலா செய்தது. யோசித்தால், 1970களின் ஒற்றைப் பேரேடு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்றாகத் திரும்பி வந்திருக்கிறது.

எங்கள் வீட்டில் இது அவசியமான சந்தர்ப்பம் ஒன்று உண்டு. மாரேட்பள்ளி, பத்மாராவ் நகர் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது புதிதாக இருக்காது. ஊரிலிருந்து பெரியவர்கள் வந்து இரண்டு மாதம் தங்குவார்கள். கீழே இறங்கினால் தெலுங்கு, டிவியைப் போட்டால் இந்தி. சாயங்காலம் ஸ்கந்தகிரிக் கோயில், மற்ற நேரமெல்லாம் டேப்லெட்டில் தமிழ்ச் செய்தி. ஒருநாள் அப்பா ஏதோ ஒரு செய்தியைத் திறக்க, திரை முழுக்கச் சிவப்பாகி, உங்கள் கருவியில் வைரஸ், சட்டவிரோதமான படங்கள் இருக்கின்றன, உடனே இந்த எண்ணை அழையுங்கள் என்று ஒரு பக்கம் வந்திருக்கிறது. நல்லவேளை, அழைக்கவில்லை. டேப்லெட்டை அணைத்துப் பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் வைத்துவிட்டார். நான்கு நாள் கழித்துத்தான் எங்களுக்கே தெரிந்தது. "ஏம்ப்பா, பேப்பர் படிச்சாக்கூடப் போலீஸ் கேஸ் ஆயிடுமா?" என்று கேட்டார். நாற்பது வருடம் அரசாங்க உத்தியோகம் பார்த்து ஒரு மெமோ வாங்காத மனுஷன்.

தெலங்கானாவில் 2017லேயே ஆன்லைனில் பணம் வைத்து ரம்மி ஆடுவதைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். தமிழ்நாட்டுச் சட்டம் 2023ல் வந்தது. அதன் பிறகும் செகந்திராபாத் வீட்டுத் திரைகளில் தமிழ்ச் செய்திக்குப் பக்கத்தில் ரம்மி விளம்பரம் சிரித்துக்கொண்டிருந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரங்களையும் சேர்த்துத் தடைசெய்தது. சட்டம் வரக் காத்திருந்த வருடங்களில் பச்சைப் பலகை அதைச் செய்துகொண்டிருந்தது.

பை-ஹோல் சர்வரோக நிவாரணி இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். யூடியூப் விளம்பரத்தைத் தொடமுடியாது. காரணம், மேலே சொன்ன முடிச்சுதான். படமும் விளம்பரமும் ஒரே வீட்டிலிருந்து வருகின்றன, விளம்பரத்தைத் தடுத்தால் படமும் நின்றுவிடும். சில டிவிகளும் சாதனங்களும் வாட்ச்மேனைக் கேட்காமல் நேரே கூகுளின் 8.8.8.8ஐக் கேட்கப் பழகியிருக்கின்றன. 2018ல் தரப்படுத்தப்பட்ட மறையாக்கக் கேள்விமுறையும் அப்படித்தான்: அந்தரங்கத்துக்கு நல்லது, வீட்டு வாட்ச்மேனுக்குக் கண்கட்டு. இணைப்பு நிறுவனம் கொடுக்கும் ரௌட்டரில் டிஎன்எஸ் எண்ணை மாற்றவே விடாத கொடுமையும் உண்டு. அப்போது முகவரி வழங்கும் வேலையையும் பை-ஹோலிடமே ஒப்படைக்க வேண்டும். கரண்ட் போய் வரும்போது ரௌட்டர் எழுந்து பலகை எழாவிட்டால் "நெட் வரலை" என்று மூன்று அறைகளிலிருந்தும் குரல் கேட்கும். அதனால் பலகையையும் யூபிஎஸ்ஸில் மாட்டுங்கள். கூகுள் தன் குரோம் உலாவியின் நீட்சி விதிகளை மாற்றி 2024, 2025ல் யூபிளாக் ஆரிஜினின் பழைய வடிவத்தை வெளியேற்றிய பிறகு, உலாவிக்கு வெளியே தடுக்கும் இந்த வழிக்கு மவுசு கூடியிருக்கிறது.

சரி, யாருக்கு நஷ்டம்? கூகுள் இந்தியாவில் 2004ல் கால் வைத்தபோதே ஹைதராபாத்திலும் அலுவலகம் திறந்தது. விளம்பரம் கொடுப்பவர்களையும் போடுபவர்களையும் கவனிக்கும் வேலை இங்கே நிறைய நடந்தது. இந்த ஊரில் எத்தனையோ வீடுகளின் தவணை விளம்பரத்தால் கட்டப்படுகிறது. கூகுளைப் பற்றி எனக்குக் கவலையில்லை, அது பிழைத்துக்கொள்ளும். தமிழில் எழுதிப் பிழைக்க முயல்கிறவர்கள்தான் உறுத்துகிறார்கள். ஆட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டது 2018 பிப்ரவரியில்தான். பதிவுகள் கொடிகட்டிப் பறந்த 2004-2010 காலத்தில் தமிழ்ப் பக்கத்துக்கு முறையாக விளம்பரம் கிடையாது. எழுதியவர்களெல்லாம் கைக்காசைப் போட்டோ, ராத்தூக்கத்தைப் போட்டோ எழுதினார்கள். கதவு திறந்தபோது பாதிப்பேர் எழுதுவதை நிறுத்தியிருந்தார்கள், மீதிப்பேர் ஃபேஸ்புக்குக்குப் போயிருந்தார்கள். அப்போது பார்த்து வீட்டுக்கு வீடு தடுப்பான்.

இந்தத் தளத்துக்கு மட்டும் விளம்பரத்தை அனுமதி என்று பை-ஹோலிடம் சொல்லவும் வழியில்லை. கேட்கப்படும் பெயர்தான் அதற்குத் தெரியும், எந்தப் பக்கத்திலிருந்து கேட்கிறார்கள் என்பது தெரியாது. விளம்பர வழங்கியின் பெயரைத் திறந்துவிட்டால் எல்லாத் தளத்துக்கும் திறந்ததாகிவிடும். 2020ல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்து கருவிகளைக் குழுக்களாகப் பிரிக்கலாம், அதுதான் இப்போதைக்குக் கிடைக்கும் சமரசம். எங்கள் வீட்டில் அப்பாவின் டேப்லெட்டும் டிவியும் கடுமையான பட்டியலில். குழந்தைகளின் கருவிகளும் அப்படியே. என் மடிக்கணினி மட்டும் பட்டியலுக்கு வெளியே. தமிழ்த் தளங்களை அதில்தான் படிக்கிறேன், பட்டை விளம்பரங்கள் ஓரத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. நேற்று எனக்கு வந்தது ஆழ்துளைக் கிணறு தோண்டும் விளம்பரம். நான் இருப்பது நான்காவது மாடியில்.